ஓமமும் கொக்கிப்புழுவும்

போன மாதம் எங்கள் தெருவில் ஒரு சின்ன வழக்கு என்னிடம் தீர்ப்புக்கு வந்தது. பக்கத்து வீட்டுப் பேரன் மூன்றாம் வகுப்புப் படிக்கிறான். பள்ளிக்கூடத்தில் பூச்சி மாத்திரை கொடுக்கப்போகிறோம் என்று சொல்லியனுப்பியிருந்தார்கள். பையனின் பாட்டிக்கு அதில் சம்மதமில்லை.

"எதுக்குங்க சார் இந்த இங்கிலீஷ் மாத்திரை? நம்மகிட்ட ஓமம் இல்லையா, வேப்பங்கொழுந்து இல்லையா? அதைக் குடிச்சுத்தானே நாம எல்லாம் வளர்ந்தோம்?"

மருமகள் வாசற்படியில் நின்றாள். "நீங்க சுகாதாரத்துல இருந்தவரு மாமா. நீங்களே ஒரு வார்த்தை சொல்லுங்க" என்றாள்.

ஒரு வார்த்தையில் சொல்ல முடியவில்லை. பாட்டி சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதிக்காக எங்கள் வீட்டில் ஒரு பெண்ணின் படிப்பே போயிருக்கிறது. அதை எழுதித்தான் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

என் வயதுக்காரர்களுக்கு அந்தச் சனிக்கிழமைகள் மறந்திருக்காது. ஆறு மாதத்துக்கு ஒரு தடவை, பெரும்பாலும் பரீட்சை லீவில், வீட்டில் எல்லாப் பிள்ளைகளுக்கும் பேதிக்குக் கொடுப்பார்கள். விடியும் முன்பே எழுப்பி, வரிசையாக உட்கார வைத்து, மூக்கைப் பிடித்து, வெந்நீரிலோ காப்பியிலோ கலந்த விளக்கெண்ணெயைத் தொண்டையில் இறக்கிவிடுவார் அப்பத்தா. துப்பினால் இன்னொரு கரண்டி. மதியம் வரைக்கும் கொல்லைக்கும் திண்ணைக்குமாக ஓட்டம். பிறகு குழைந்த சோறும் மிளகு ரசமும்.

விளக்கெண்ணெய் கடைசி ஆயுதம்தான். அதற்கு முன்னால் மூன்று நாள் முன்னேற்பாடு நடக்கும். வேப்பங்கொழுந்தை அரைத்துச் சுண்டைக்காய் அளவு உருட்டி விழுங்கச் செய்வார். பாகல் இலைச் சாறு ஒரு நாள். வாய்விளங்கத்தை இடித்துத் தேனில் குழைத்து ஒரு நாள். குப்பைமேனி, ஓமக் கஷாயம் என்று வீட்டுக்கு வீடு மாறும். ஊர் வைத்தியரிடம் போனால் முருக்கன் விதை தருவார். புரச மரத்தின் விதை அது. சித்த மருந்துக் கடைகளில் இன்றும் முருக்கன் விதை மாத்திரை கிடைக்கிறது. நாடாப்புழு என்றால் மாதுளை வேர்ப்பட்டைக் கஷாயம்.

இவற்றை மூடநம்பிக்கை என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். மாதுளைப் பட்டையின் வேலையை ஐரோப்பியர்களும் அறிந்திருந்தார்கள். 1878-ல் பிரான்ஸ் நாட்டு டான்ரே என்பவர் அந்தப் பட்டையிலிருந்து புழுவைத் தாக்கும் பொருளைப் பிரித்தெடுத்து பெல்லட்டியரின் என்று பேர் வைத்தார். எட்டிக்காய் போலக் கசக்கும் எட்டிமாசிப்பச்சை இனச் செடி ஒன்றின் மொட்டிலிருந்து வந்த சான்டோனின் நூறு வருஷத்துக்கு மேலாக உலகம் முழுக்க உருண்டைப்புழுவுக்கு மருந்தாக இருந்தது. அதைச் சாப்பிட்டால் பார்ப்பதெல்லாம் கொஞ்ச நேரம் மஞ்சளாகத் தெரியும். செடியில் மருந்து உண்டு. கேள்வி, எந்தப் புழுவுக்கு எவ்வளவு என்பதுதான்.

அந்தக் கேள்வி எங்கள் வீட்டுக்கு வந்தது 1959-ல். எனக்குப் பதினொரு வயது. தங்கச்சிக்கு எட்டு. நான்கைந்து மாதமாக அவள் முகம் வெளுத்துக்கொண்டே வந்தது. கொல்லைச் சுவரின் மண்ணைச் சுரண்டித் தின்பாள். பலப்பத்தைக் கடித்து விழுங்குவாள். பள்ளிக்கூடத்துக்கு அரை மைல். பாதி வழியில் புளியமரத்தடியில் உட்கார்ந்துவிடுவாள். "மூச்சு வாங்குதுண்ணே" என்பாள். நான் அவளை இழுத்துக்கொண்டு போவேன், எனக்கு நேரமாகிவிடுகிறதே என்று. வகுப்பில் தூங்கி விழுவாள். அவளுடைய வாத்தியார் அவளுக்குச் சோம்பேறிக் கழுதை என்று பட்டம் கட்டி, பெஞ்சு மேல் ஏற்றி நிறுத்தினார். ஒரு நாள் அப்படி நின்றபோது தலை சுற்றிக் கீழே விழுந்து நெற்றி பிளந்தது. அதோடு அவள் போக மறுத்துவிட்டாள்.

அப்பத்தா சும்மா இருக்கவில்லை. வயிற்றில் பூச்சி என்று சரியாகவே கண்டுபிடித்தார். வேப்பங்கொழுந்து, வாய்விளங்கம், ஓமம், கடைசியில் விளக்கெண்ணெய். ஏழெட்டு நாக்குப்பூச்சிகள் விழுந்தன. ஒவ்வொன்றும் ஒரு சாணுக்குக் குறையாது. அப்பத்தா அக்கம்பக்கத்தாரைக் கூப்பிட்டுக் காட்டினார். "இனிமே தேறிருவா" என்றார். எங்கள் எல்லாருக்கும் நிம்மதி.

தங்கச்சி தேறவில்லை. இன்னும் வெளுத்தாள். கால் வீங்கியது. மறுபடியும் விளக்கெண்ணெய் கொடுத்தார்கள். மறுபடியும் இரண்டு பூச்சி. இப்படியே ஒன்றரை வருஷம்.

விழுந்த பூச்சி வேறு, அவளைக் குடித்துக்கொண்டிருந்த பூச்சி வேறு. இதை நான் தெரிந்துகொண்டது பல வருஷம் கழித்து, சுகாதார ஆய்வாளர் பயிற்சிக்குப் போனபோது.

நாக்குப்பூச்சி கண்ணுக்குத் தெரியும். கீரிப்பூச்சியும் தெரியும், பிள்ளைகள் ராத்திரி ஆசனவாயைச் சொறிவதிலேயே தெரிந்துவிடும். கொக்கிப்புழு ஒரு சென்டிமீட்டர் நீளம், நூல் மாதிரி. அது சிறுகுடலின் சுவரைக் கடித்துப் பிடித்துக்கொண்டு ரத்தம் குடிக்கும். பேதியானாலும் பிடியை விடாது. விட்டு விழுந்தாலும் யார் கண்ணிலும் படாது. ஒரு புழு ஒரு நாளைக்குக் குடிப்பது அதன் வகையைப் பொறுத்து 0.03 மில்லியிலிருந்து 0.2 மில்லி வரை. ஒரு சொட்டுக்கும் குறைவோ, சில சொட்டுகளோதான். ஆனால் நூறு, இருநூறு புழுக்கள் வருஷக்கணக்கில் குடித்தால், அரைவயிற்றுக் கஞ்சி குடிக்கும் பிள்ளையின் உடம்பு அந்த ரத்தத்தை எப்படி ஈடுகட்டும்? இரும்புச் சத்து வற்றிப் போகிறது. அப்புறம் சோகை, மூச்சு வாங்கல், மண் தின்னும் ஆசை, வகுப்பில் தூக்கம்.

இந்தப் புழுவை முதலில் கண்டவர் இத்தாலி டாக்டர் டுபினி. 1838-ல் மிலான் நகரில் இறந்துபோன ஒரு குடியானவப் பெண்ணின் குடலில் பார்த்தார். அது எப்படி உடம்புக்குள் போகிறது என்பது இன்னும் அறுபது வருஷம் யாருக்கும் தெரியவில்லை. தண்ணீரிலோ சாப்பாட்டிலோ என்றே நினைத்தார்கள். 1898-ல் கெய்ரோவில் ஆர்தர் லூஸ் என்ற ஜெர்மன் ஆராய்ச்சியாளர் இளம்புழுக்கள் உள்ள நீரைக் கையாளும்போது தவறிக் கையில் சிந்திவிட்டது. அந்த இடம் அரித்துச் சிவந்தது. சில வாரம் கழித்துத் தன் மலத்தைச் சோதித்தால் அதில் கொக்கிப்புழு முட்டை! தோல் வழியாகவே புழு நுழைகிறது என்பது அப்படித்தான் வெளியே வந்தது. வெறுங்காலில் ஈர மண்ணை மிதித்தால் விரலிடுக்கில் நுழைந்து, ரத்தத்தோடு நுரையீரலுக்குப் போய், தொண்டைக்கு ஏறி, விழுங்கப்பட்டுக் குடலுக்கு வந்து சேர்கிறது.

இனி ஓமத்தின் கதைக்கு வருகிறேன். இதைத்தான் பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு முக்கியமாகச் சொல்ல நினைத்தேன்.

சுவிட்சர்லாந்தில் ஆல்ப்ஸ் மலையைக் குடைந்து காட்ஹார்ட் ரயில் சுரங்கம் போட்டார்கள். 1880 வாக்கில் அங்கே வேலை செய்த இத்தாலியத் தொழிலாளிகள் வெளுத்துப் போய்ச் சரியத் தொடங்கினார்கள். சுரங்கத்தின் வெதுவெதுப்பிலும் ஈரத்திலும், மலம் கழித்த இடத்திலேயே நடந்து வேலை செய்ததில் கொக்கிப்புழு செழித்துவிட்டது. அவர்களுக்கு டூரின் நகர டாக்டர் பொசோலோ கொடுத்துப் பார்த்த மருந்து தைமால். அது வேலை செய்தது. அடுத்த முப்பது வருஷம் கொக்கிப்புழுவுக்கு உலகம் முழுக்க அதுதான் முதல் மருந்து.

தைமால் என்றால் வேறொன்றும் இல்லை, நம் நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் ஓம உப்புதான். பிறந்த குழந்தை உள்ள வீட்டில் ஓம வாட்டரைத் திறந்தால் மூக்கில் ஏறுகிறதே ஒரு வாசனை, அதுவே. ஐரோப்பாவில் தைம் என்ற செடியிலிருந்து முதலில் எடுத்தார்கள். ஆனால் ஓமத்தில் அது தாராளமாக இருந்தது. ஆகவே இந்தியாவிலிருந்து ஓமம் மூட்டை மூட்டையாகக் கப்பலேறி ஜெர்மனிக்குப் போயிற்று. அங்கே வடித்து உப்பாக்கி உலகத்துக்கு விற்றார்கள். நம் பஞ்சு மான்செஸ்டர் போய் வேட்டியாகத் திரும்பிய அதே கதை.

1909-ல் அமெரிக்காவில் எண்ணெய்ச் செல்வர் ராக்பெல்லர் 10 லட்சம் டாலர் கொடுத்து, தென் மாநிலங்களில் கொக்கிப்புழுவை ஒழிக்க ஓர் ஆணையம் அமைத்தார். அங்கே பருத்திக்காட்டு ஏழை வெள்ளையரும் கறுப்பரும் வெளுத்து மெலிந்து கிடந்தார்கள். வடக்கத்திப் பத்திரிகைகள் கேலி பேசின. கொக்கிப்புழுவுக்கு அவர்கள் வைத்த பேர் சோம்பேறிக் கிருமி. பயிற்சி வகுப்பில் இதை முதன்முதலாகக் கேட்டபோது, பெஞ்சு மேல் நின்ற தங்கச்சி என் கண் முன்னால் வந்தாள். அட்லாண்டிக் கடலுக்கு அப்பாலும் அதே பட்டம்தான்! அந்த மாநிலங்களில் பரிசோதித்த பிள்ளைகளில் நூற்றுக்கு நாற்பது பேர் வயிற்றில் புழு இருந்தது. ஊர் ஊராகக் கொட்டகை போட்டு லட்சக்கணக்கானவர்களுக்கு மருந்து கொடுத்தார்கள். அந்த மருந்தும் தைமால்தான். நம் ஓமத்தின் உப்பு அமெரிக்கப் பிள்ளைகளின் கன்னத்துக்குச் சிவப்பு ஏற்றியிருக்கிறது.

அப்படியானால் அப்பத்தாவின் ஓமக் கஷாயம் ஏன் தோற்றது? கணக்குப் போட்டுப் பாருங்கள். 100 கிராம் ஓமத்தில் சுமார் 3 கிராம் எண்ணெய். அதில் ஏறக்குறைய பாதி தைமால். ஆக ஒன்றரை கிராம். பெரியவருக்கு அன்றைய அளவு 4 கிராம். கால் கிலோவுக்கு மேல் ஓமத்தை ஒரு துளி வீணாக்காமல் வடித்தால்தான் அது கிடைக்கும். எட்டு வயதுப் பிள்ளைக்கு 1 கிராம் என்றாலும் எழுபது கிராம் ஓமம் வேண்டும். அப்பத்தா போட்டது அரைக் கரண்டி. தைமால் தண்ணீரில் சரியாகக் கரையவும் கரையாது. கஷாயத்தில் வந்தது வாசனைதான். வயிற்று உப்புசத்துக்கு அது போதும். குடலைக் கடித்துக்கொண்டிருக்கும் புழுவுக்குப் போதாது.

"அப்போ கூடுதலாப் போட்டா?" என்று யாராவது கேட்பீர்கள். அங்கேதான் ஆபத்து. தைமால் அந்த அளவில் மனிதனுக்கும் விஷம். குடலிலேயே நின்றால் புழுவைக் கொல்லும். ரத்தத்தில் கலந்தால் ஆளைச் சாய்க்கும். எண்ணெயிலும் சாராயத்திலும் அது நன்றாகக் கரையும். அதனால் முதல் நாள் ராத்திரி பேதி உப்பு, காலையில் வெறும் வயிற்றில் இரண்டு தடவையாகத் தைமால், பிறகு மறுபடி பேதி உப்பு என்று முறை வைத்திருந்தார்கள். விளக்கெண்ணெய் கூடவே கூடாது. ஓமம் கொடுத்துவிட்டு மேலே விளக்கெண்ணெய் ஊற்றிய அப்பத்தாவின் முறை, அரைக் கரண்டியோடு நின்றதால் தப்பித்தது.

1914-ல் முதல் உலகப்போர் வந்தது. ஜெர்மனிக்கு ஓமம் போவது நின்றது. தைமால் விலை ஏறியது. மருத்துவர்கள் வேறு மருந்து தேடினார்கள். கீனோபோடியம் எண்ணெய் வந்தது. அதுவும் ஒரு செடியிலிருந்து எடுத்ததுதான், அளவு தப்பினால் உயிரை வாங்குவதுதான். 1921-ல் அமெரிக்கக் கால்நடைத் துறையின் மாரிஸ் ஹால் கார்பன் டெட்ராகுளோரைடைக் கொண்டுவந்தார். அது ஈரலைக் கெடுத்தது. 1925-ல் அதே ஹாலும் அவர் கூட்டாளியும் டெட்ராகுளோரோஎத்திலீன் என்பதைக் கண்டார்கள். நாங்கள் டி.சி.இ. என்று சொல்வோம். முந்தையவற்றைவிடச் சாது.

இந்தக் கதையில் நம் மாவட்டத்துக்கும் பங்கு உண்டு. ராமநாதபுரம், புதுக்கோட்டை, திருச்சிச் சீமையிலிருந்து இலங்கைத் தோட்டங்களுக்குப் போன சனம் எவ்வளவு! மழையும் நிழலும் ஈர மண்ணும் உள்ள மலைத்தோட்டம். லயத்தில் கக்கூஸ் கிடையாது. காலில் செருப்பு கிடையாது. காட்ஹார்ட் சுரங்கத்துக்கும் அதற்கும் வித்தியாசமே இல்லை. 1916-ல் ராக்பெல்லர் அமைப்பு இலங்கைத் தோட்டங்களில் வேலையைத் தொடங்கியது. பிறகு மண்டபம் முகாமிலேயே, கப்பலேறுவதற்கு முன் அம்மை குத்துவதோடு கொக்கிப்புழு மருந்தும் கொடுத்தார்கள். என் தாத்தாவின் அண்ணன் அந்த வழியாகப் போனவர். முகாமில் மருந்து குடித்து இரண்டு நாள் எழுந்திருக்க முடியாமல் கிடந்ததைத்தான் ஆயுசு முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தாராம்.

சென்னை மாகாணத்திலும் ஆராய்ச்சி நடந்தது. மாஸ்கர் என்ற மராத்தி டாக்டரும் கேயஸ் என்ற பாதிரியாரும் கொக்கிப்புழு மருந்துகளின் ரசாயனத்தையும் குணமாக்கும் சக்தியையும் ஒப்பிட்டு, 1919 தொடங்கி வரிசையாகக் கட்டுரைகள் எழுதினார்கள். பாட்டி வைத்தியம் என்று ஒதுக்கவும் இல்லை, பழசு என்பதால் தலைக்கு மேல் தூக்கவும் இல்லை. எடை போட்டுப் பார்த்தார்கள். எனக்கு அந்த வழி பிடித்திருக்கிறது.

தங்கச்சியின் கதையை முடிக்கிறேன். 1961-ல் எங்கள் மாமா ஒருவர் ஊருக்கு வந்தார். ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர். அவளுடைய கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தார். நாக்கை நீட்டச் சொன்னார். அப்பாவிடம், "மச்சான், இது பூச்சிதான். ஆனா நீங்க பாத்த பூச்சி இல்ல" என்றார். மறுநாளே பஸ் ஏற்றிக் கூட்டிப் போனார். மலத்தைப் பூதக்கண்ணாடியில் பார்த்தார்கள். முதலில் நாக்குப்பூச்சி மருந்து, பிறகு டி.சி.இ. மாத்திரை, மூன்று மாதம் இரும்பு டானிக். தீபாவளிக்குள் அவள் கிணற்றில் தண்ணீர் இறைத்தாள். அப்பத்தா ஓரமாக உட்கார்ந்து அழுதார். "கண்ணுக்குத் தெரியாததுக்கு நான் என்னடா செய்வேன்" என்றார். அவரைக் குற்றம் சொல்ல எங்களில் யாருக்கும் மனம் வரவில்லை.

உடம்பு திரும்பியது. பள்ளிக்கூடம் திரும்பவில்லை. பத்து வயதில் மூன்றாம் வகுப்பில் சின்னப் பிள்ளைகளோடு உட்கார அவளுக்கு வெட்கம். சோம்பேறி என்ற பேரும் காத்துக்கொண்டிருந்தது. வீட்டிலும் வற்புறுத்தவில்லை, பெண்பிள்ளைதானே என்று விட்டுவிட்டார்கள். என்னைவிட அவளுக்குக் கணக்கு நன்றாக வரும். இன்றும் கடைச் சிட்டையை மனதிலேயே கூட்டிவிடுவாள்.

நான் 1970-ல் வேலைக்குச் சேர்ந்தேன். முப்பத்தாறு வருஷத்தில் ஆல்கோபார் வந்தது, மெபெண்டசோல் வந்தது, பிறகு அல்பெண்டசோல். மருந்து நல்லதாகிக்கொண்டே போனது. மருந்து சாப்பிட்டவர் அதே கொல்லை மண்ணை வெறுங்காலோடு மிதித்தால் ஆறு மாதத்தில் பழைய கதைதான். ஆகவே நாங்கள் கொண்டுபோனதில் பாதி கக்கூஸ் பேச்சு. ஊர் ஊராகப் போய் ஆர்.சி.ஏ. பீங்கான் கோப்பையை வைத்துக்கொண்டு பேசுவோம். "வீட்டுக்குள்ளயா?" என்று முகம் சுளிப்பார்கள். சில ஊர்களில் கோப்பையில் கோழித் தீவனம் போட்டு வைத்திருந்ததையும் பார்த்திருக்கிறேன்.

பாட்டியிடம் நான் சொன்னது இவ்வளவுதான். வேப்பம்பூ ரசம் வையுங்கள், பாகற்காய் சமையுங்கள், வயிறு மந்தமானால் ஓமம் கொடுங்கள். நல்லதுதான். பூச்சிக்கு மாத்திரையைக் கொடுங்கள். ஒன்று முதல் பத்தொன்பது வயது வரை எல்லாப் பிள்ளைகளுக்கும், 2015-ல் சில மாநிலங்களில் தொடங்கி, நாடு முழுக்க இலவசமாகவே கொடுக்கிறார்கள். 400 மில்லிகிராம், மென்று தின்ன வேண்டும். இரண்டு வயதுக்குக் கீழே பாதி. அன்றைக்குக் காய்ச்சலாக இருந்தால் தேறிய பிறகு கொடுத்துக்கொள்ளலாம். இன்னொன்றும் சொன்னேன். ஆடுதீண்டாப்பாளையைப் புழுக்கொல்லி என்று சொல்லி யாராவது கொடுத்தால் வாங்காதீர்கள். அதில் உள்ள அமிலம் சிறுநீரகத்தைக் கெடுக்கும், புற்றுநோயையும் உண்டாக்கும் என்பது இப்போது தெரிந்த விஷயம். பச்சிலை என்பதாலேயே பாதகமில்லை என்று ஆகிவிடாது.

பையன் மாத்திரை சாப்பிட்டான். பாட்டி கையால் ஓம வாட்டரும் குடித்தானாம், மருமகள் சிரித்துக்கொண்டே சொன்னாள்.

இதை எழுதும் முன் தங்கச்சியிடம் போனில் கேட்டேன், உன் கதையை எழுதலாமா என்று. அவளுக்கு இப்போது எழுபது தாண்டிவிட்டது. "எழுதுண்ணே" என்றாள். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "நான் சோம்பேறி இல்லன்னு மட்டும் நல்லாத் தெரியற மாதிரி எழுது" என்றாள்.

எழுதிவிட்டேன், ஆத்தா.